ரெட்டை வராத தாள்

"நாலு மாசமா தோய்க்கிறேன்டி இந்தக் கோட்ட. ஒரு சொட்டு எண்ணெய் இல்ல, ஒரு துரு இல்ல. கழுத்துப் பட்டைல வேர்வை கூட இல்ல. பவுடர் வாசனைதான் வருது. மிஷின் ஓடுற எடத்துல இருக்கியா, இல்ல ஏசி போட்ட தியேட்டர்ல இருக்கியா?"

"உனக்குச் சொன்னா புரியாதும்மா. விடு."

"புரியாதுதான். இருபத்திரெண்டு வருஷமா உங்கப்பா கோட்டத் தோய்க்கிறவளுக்கு எப்படிப் புரியும்?"

வாசல்ல ஒரு கால் ஷூவக் கழட்டிட்டு, இன்னொண்ணக் கழட்டாம அப்படியே நின்னாரு மைக்ரான். சண்டை நடக்குற வீட்டுக்குள்ள பாதில நுழையிறது, ஓடுற மிஷின்ல கைய விடுற மாதிரி. அது அவருக்கு அனுபவத்துல தெரியும். உள்ள தண்ணிக் குழாயத் திறந்து விட்ட சத்தம் கேட்டுச்சு. பொண்ணு ஏதோ சொல்லிச்சு, அது தண்ணிச் சத்தத்துல போயிருச்சு. அம்மா சொன்னது மட்டும் தெளிவா வந்துச்சு. "நீ அங்கதான் போறியான்னே எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு."

மைக்ரான்ங்கிறது அவரு பேரு இல்ல, கம்பெனில வச்ச பட்டப்பேரு. ஒரு மில்லிமீட்டர ஆயிரமா வெட்டினா அதுல ஒரு துண்டுதான் ஒரு மைக்ரான். நம்ம தலைமுடி ஒண்ணு எழுபது மைக்ரான் தடிமன் இருக்கும்னா பாத்துக்குங்க. அவரு இருக்குறது லிஃப்ட் செய்யிற கம்பெனி. வெளிய இருந்து வர்ற உதிரி பாகத்தை எல்லாம் அளந்து பாத்து, சரியா இருந்தா தாள்ல பச்சை முத்திரை, சரியில்லன்னா சிவப்பு முத்திரை குத்துறது அவரு வேலை. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனாலும் நாற்காலி ஆடுதான்னு கைய வச்சுப் பாத்துட்டுத்தான் உக்காருவாரு. மைக்ரான் வீட்ல சண்டை வந்தாலும் ரெண்டு மைக்ரானுக்கு மேல வராதுன்னு கூட வேலை பாக்குறவங்க கிண்டல் பண்ணுவாங்க. அன்னைக்கு வந்தது ரெண்டு மைக்ரான் இல்ல.

அவரு உள்ள நுழைஞ்சதும் ரெண்டு பேரும் வாய மூடிட்டாங்க. அதுதான் அவருக்கு இன்னும் உறுத்திச்சு. பொண்ணு கோட்டப் பிடுங்கிக்கிட்டுப் போயி கொடில போட்டுச்சு. இருபத்தொரு வயசுப் பொண்ணு, கறையே படாத கோட்டு, பவுடர் வாசனை. எந்த அப்பனுக்கும் முதல்ல என்ன தோணுமோ அதுதான் அவருக்கும் தோணிச்சு. ஆனா வாயத் திறந்து கேக்க முடியல. ஏன்னா, அவள அங்க அனுப்பினதே அவருதான்.

அந்தக் கதைய முதல்ல சொல்லிடறேன். போன வருஷம் காலேஜ்ல பெத்தவங்கள எல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டாங்க. படிப்பையும் வேலையையும் ஒட்ட வைக்கிற திட்டம்னு பேரு வச்சிருந்தாங்க. கடைசி நாலு மாசம் கிளாஸ் கிடையாது, நேரா ஒரு கம்பெனிக்குப் போயி வேலை பழகணும். அங்க இருக்குற சூப்பர்வைசர் நல்லா செஞ்சாங்கன்னு கையெழுத்துப் போட்டாத்தான் பட்டம். நிறைய பேருக்கு அது பிடிக்கல. படிக்க அனுப்பின பிள்ளைய வேலைக்கு ஆள் பிடிச்சுக் கொடுக்குறீங்களான்னு ஒருத்தர் கத்தினாரு. அப்ப மைக்ரான் எழுந்து நின்னாரு. மேடையே பாக்காத மனுஷன், கைய நாற்காலி முதுகுல ஊனிக்கிட்டுப் பேசினாரு. தங்கப் பதக்கம் வாங்கின ஒரு பொண்ணு எங்க கம்பெனிக்கு வேலைக்கு வந்துச்சு, தடிமன் அளக்குற மைக்ரோமீட்டர கையில கொடுத்தா குறடு வச்சு முறுக்குற மாதிரி முறுக்குச்சு, அது தப்பு அந்தப் பொண்ணோடது இல்ல, நாலு வருஷத்துல ஒருத்தரும் அத அது கையில கொடுக்கலன்னாரு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுங்கன்னு சொல்லிட்டு உக்காந்தாரு. கைதட்டு ஓயவே நேரம் ஆச்சு. அந்தப் பேச்ச காலேஜ்காரங்க அடுத்த வருஷ விளம்பரத் தாள்ல அவரு போட்டோவோட போட்டுட்டாங்க.

அன்னைக்கும் கைதட்டாம உக்காந்திருந்தது அவரு சம்சாரம் ஒருத்திதான். அவ தையல் கடைல துணி வெட்டுறவ. திரும்பி வரும்போது பஸ்ல சொன்னா, இந்தத் திட்டத்தப் பாத்துக்கற அந்தப் பயிற்சி மேடம் வாய்ப்பு வாய்ப்புன்னு பத்து தடவை சொன்னாங்க, என்ன சொல்லித் தருவாங்கன்னு ஒரு தடவை கூட சொல்லலன்னு. உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்னு அவரு சிரிச்சாரு.

பொண்ணுக்குக் கிடைச்ச கம்பெனியும் தெரிஞ்ச கம்பெனிதான். இவரு கம்பெனிக்கே எஃகு பின் செஞ்சு அனுப்புற எடம். விரல் நீளம் இருக்கும் அந்தப் பின்னு, லிஃப்டோட பிரேக்குல போயி உக்காரும். நல்ல பேரு எடுத்த கம்பெனி. அங்க பழகினா கை திருந்தும்னு மனசார நம்பித்தான் அனுப்பினாரு.

கோட்டுச் சண்டை நடந்த அன்னைக்கு சாயங்காலம் டீ குடிச்சுக்கிட்டே, உன் பயிற்சி நோட்ட கொஞ்சம் காட்டு, பாக்கலாம்னாரு. சும்மா கேக்குற மாதிரி கேட்டாரு. அவ அவர ஒரு நிமிஷம் உத்துப் பாத்துட்டு, எடுத்துக் கொடுத்துட்டு அந்தப் பக்கம் போயிட்டா. மறைக்கல. மறைச்சிருந்தா கூட அவருக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

முதல் வாரத்துப் பக்கம் எல்லாம் அடிச்சுத் திருத்தி, இண்டு இடுக்குல எழுதி, பாக்கவே நல்லா இருந்துச்சு. 'இன்று ஒன்பது பின்கள் மட்டுமே அளக்க முடிந்தது. இரண்டு சரியில்லை. கை நடுங்கினால் அளவு மாறுகிறது' அப்படின்னு எழுதியிருந்தா. அதப் படிச்சதும் அவருக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். கை நடுங்கினா அளவு மாறும்னு கண்டுபிடிக்கிறவதான் வேலை தெரிஞ்சவ. ரெண்டாவது வாரத்துல இருந்து எழுத்து அழகா ஆயிடுச்சு. 'ஐம்பது பின்கள் அளந்தேன். அனைத்தும் சரி.' கத்துக்கிட்டது என்னன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல 'தரத்தின் முக்கியத்துவம்.' அடுத்த நாளும் தரத்தின் முக்கியத்துவம். அதுக்கு அடுத்த நாளும் அதேதான். பக்கம் பக்கமா தரத்தின் முக்கியத்துவம்.

நடுவுல மாதிரிக்குன்னு ஒரு அளவுத் தாள ஒட்டி வச்சிருந்தா. பின்னோட தடிமன் மில்லிமீட்டர்ல பதினொண்ணு புள்ளி ஒம்பது எட்டு மூணுல இருந்து பதினொண்ணு புள்ளி ஒம்பது ஒம்பது நாலு வரைக்கும் இருக்கலாம். அந்தப் பதினோரு மைக்ரானுக்குள்ள ஐம்பது எண்ணு எழுதியிருந்தா. பாக்கறவங்களுக்கு அருமையான தாள். எண்ணு ஏறி இறங்கி, உயிரோட இருக்குற மாதிரி இருந்துச்சு. மைக்ரான் அதை ரெண்டு தடவை மேல இருந்து கீழ பாத்தாரு. மூணாவது தடவை விரலை வச்சு, ஒவ்வொரு எண்ணா நகத்திக்கிட்டே வந்தாரு.

ரெட்டை இல்ல.

அளக்குறவங்களுக்குத்தான் இது தெரியும். ஒரே மிஷின்ல அடுத்தடுத்து வர்ற பின்ன நிஜமா அளந்தா, நாலஞ்சு எடத்துலயாவது பக்கத்துப் பக்கத்துல ஒரே எண்ணு வந்து உக்காரும். சில நேரம் மூணு கூட வரும். அதத்தான் ரெட்டைன்னு சொல்லுவாங்க. அளக்காம மனசால எழுதறவங்களுக்கு ரெட்டை எழுத கை வராது. ஒரே எண்ண ரெண்டு தடவை எழுதினா மாட்டிக்குவோம்னு பயம் வந்துரும், மாத்தி மாத்தி எழுதிட்டே போவாங்க. ஐம்பது எண்ணு, ஒரு ரெட்டை கூட இல்ல. இந்தத் தாள்ல இருக்குற பின்ன எம்பொண்ணு கையால தொடவே இல்லன்னு அவருக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. அப்ப நாள் பூரா அவ எங்க போறா?

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிட்டு அவ போற பஸ்சுக்குப் பின்னாடி அடுத்த பஸ்ல போனாரு. பெத்த பொண்ணப் பின்தொடர்ந்து போறது அசிங்கம்னு தெரிஞ்சேதான் போனாரு. கம்பெனிக்கு எதிர்ல நின்ன ஒரு தண்ணி லாரிக்குப் பின்னாடி ஒதுங்கிப் பாத்தாரு. அவ இன்னும் ரெண்டு பொண்ணுங்களோட நேரா கேட்டுக்குள்ள போனா, அட்டையக் காட்டினா, உள்ள போயிட்டா. அவ்வளவுதான். அவருக்கு அழுகையே வந்துருச்சு. பொண்ணு பொய் சொல்லல, அங்கதான் போறா. ஆனா அங்க போறவ தாள்ல ஏன் ரெட்டை இல்ல?

டீக்கடைல உக்காந்து ரெண்டாவது டீ குடிக்கும்போது அந்தக் கம்பெனி வாட்ச்மேன் வந்தாரு. மைக்ரான் பேச்சுக் கொடுத்தாரு. எம்பொண்ணையும் இங்க பயிற்சிக்குச் சேக்கலாம்னு இருக்கேன், எப்படிங்க, நல்லா பழக்குறாங்களான்னு கேட்டாரு. வாட்ச்மேன் பிஸ்கட்ட டீல முக்கிக்கிட்டே, தாராளமா சேருங்க, வெயில் கிடையாது, சத்தம் கிடையாதுன்னாரு.

"மிஷின் பக்கம் விடுவாங்களா?"

"மிஷினா? கை கால் போனா யாரு பதில் சொல்றது? எல்லாம் மாடி ரூம்ல இருக்காங்க. உக்காந்து எழுதுதுங்க, பரிட்சை எழுதற மாதிரி. முன்னாடி இதுக்கு மூணு ஆளு வச்சிருந்தாங்க, அவங்கள நிறுத்திட்டாங்க. இப்ப காலேஜ்ல இருந்தே வருதுங்கள்ல." பிஸ்கட்டு ஒடிஞ்சு டீக்குள்ள விழுந்துருச்சு. அதப் பத்திதான் அவரு அதிகமா வருத்தப்பட்டாரு.

மத்தியானம் மைக்ரான் கம்பெனிக்கு வந்ததும் கோட்டு கூட மாட்டாம ஃபைல் அலமாரியத் திறந்தாரு. இங்க ஒரு விஷயத்தச் சொல்லணும். நல்ல பேரு எடுத்த கம்பெனில இருந்து சரக்கு வந்தா, மறுபடி அளக்க வேண்டாம்னு இவங்க கம்பெனில ஒரு விதி. அவங்க அளந்து அனுப்புற தாளே போதும், மேல் தாள்ல சூப்பர்வைசர் கையெழுத்து இருந்தா முத்திரை குத்திரலாம். பேப்பர் பாஸ்னு சொல்லுவாங்க. ஆனா மாசத்துக்கு ஒரு தடவை, ஏதாவது ஒரு லாட்ட, அதாவது ஒரு தடவைல வந்த சரக்க, எடுத்து அளந்து பாக்கணும். அளந்து பாக்க வேண்டியவரு மைக்ரான்தான். இந்தப் பின்னுல அவரு கடைசியா எப்ப அளந்தாருன்னு யோசிச்சாரு. நினைவுக்கே வரல. வேலை அதிகம், நல்ல கம்பெனி, ஒரு புகாரும் இல்ல. ஒரு வருஷம் தாண்டியிருக்கும்.

மேல் தாளத் தூக்கிட்டு அடுத்த தாளப் பாத்தாரு. குறுக்குக் கோடு போட்ட ஏழு. சின்ன வயசுல பொண்ணுக்கு ஒண்ணும் ஏழும் குழம்பும், அதனால ஏழுக்கு நடுவுல ஒரு கோடு போடற பழக்கம். அடுத்த ஃபைல எடுத்தாரு. அதுலயும் அதே ஏழு. மொத்தம் பதினாறு லாட். பதினாறுலயும் உள்ள எம்பொண்ணு எழுத்து, மேல என் பச்சை முத்திரை. ரெண்டு பேரும் ஒரே தாள்ல நாலு மாசமா பக்கத்துப் பக்கத்துல இருந்திருக்கோம்னு அவருக்கு உறைச்சுது. ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

சரக்குத் தூக்குற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுற அக்கா ஒருத்தங்க உண்டு அங்க. அவங்கள விட்டு ஸ்டோர்ல இருந்து ஒரு பெட்டி பின்ன எடுத்து வரச் சொன்னாரு. என்னண்ணே, அதிசயமா மைக்ரோமீட்டர வெளிய எடுத்திருக்கீங்க, துரு பிடிச்சிருக்கப் போகுதுன்னு அந்தக்கா சொல்லிட்டுப் போனாங்க. அது வெறும் கிண்டல்தான். அவருக்குச் சுருக்குன்னு குத்திச்சு.

ஐம்பது பின்ன அளந்தாரு. துணில தொடச்சு, ஆறவிட்டு, ஒவ்வொண்ணையும் மூணு எடத்துல பிடிச்சு அளந்தாரு. நாப்பத்தாறு சரி. நாலு சரியில்ல, அளவுக்கு மூணு மைக்ரான், நாலு மைக்ரான் இளைச்சுப் போயிருந்துச்சு. கண்ணுக்குத் தெரியாது. கையில உருட்டினாலும் தெரியாது. அந்த நாலு பின்னால நாளைக்கே எந்த லிஃப்டும் விழாது. பிரேக்குக்குள்ள லேசா ஆடிக்கிட்டு இருக்கும், ஆடி ஆடி ஓட்டையத் தேய்க்கும். என்னைக்கோ ஒரு நாள், எந்த மாடிலயோ, உள்ள யாரு நிப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்து சம்சாரத்துக்கிட்ட மட்டும் சொன்னாரு. அவ கத்திரிக்கோலக் கீழ வச்சுட்டு முழுசாக் கேட்டா. கறிக்கு உதவுற சுரைக்காய்னு சொல்லி அனுப்பினீங்க, அங்கயும் ஏட்டுலதான் வரைஞ்சு கொடுத்திருக்காங்கன்னா. அதோட விட்டிருக்கலாம். துணிய மடிச்சுக்கிட்டே இதையும் சொன்னா.

"அன்னைக்கு அவ முன்னாடி வேண்டாம்னு வாய மூடிக்கிட்டேன். உங்க கோட்டும்தான் ஒரு வருஷமா சுத்தமா இருக்கு."

சனிக்கிழமை அவரு பயிற்சி மேடத்துக்குப் போன் பண்ணினாரு. எதையும் சொல்லணும்னு பண்ணல, என்ன சொல்றாங்கன்னு பாக்கத்தான். மேடம் ரொம்ப சந்தோஷமா பேசினாங்க. நூத்திப்பத்து பேருல உங்க பொண்ணுதான் சார் முதல், அந்தக் கம்பெனிலயே வேலைக்கு எடுத்துக்கறாங்க, புதன்கிழமை சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுதுன்னாங்க. இந்தப் பக்கம் சத்தமே இல்லாததப் பாத்து மேடமும் நிறுத்திட்டாங்க. அப்புறம் குரலத் தாழ்த்தி, நீங்க ஏதாவது பாத்தீங்களா சார்னு கேட்டாங்க. அவரு பதில் சொல்றதுக்குள்ள அவங்களே, பாக்கலன்னா நல்லதுதான் சார், அடுத்த வருஷத்துக்கு முந்நூறு பேர் சேந்திருக்காங்கன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. வச்ச போன அவரு ரொம்ப நேரம் காதுலயே வச்சிருந்தாரு. அந்தம்மாவுக்கும் தெரியும். தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்குறதுக்கு அவங்களுக்கும் ஒரு பேப்பர் பாஸ் இருக்கு.

ஞாயித்துக்கிழமை காலைல பொண்ணு அந்தக் கோட்ட இஸ்திரி போட்டுக்கிட்டு இருந்தா. அம்மா கடைக்குப் போயிருந்தா. மைக்ரான் எதிர்ல ஸ்டூலப் போட்டு உக்காந்து, ஒரு அளவுத் தாள இஸ்திரி மேசை மேல விரிச்சாரு. ஃபைல்ல இருந்து நகல் எடுத்து வச்சிருந்தது. அவ இஸ்திரிப் பெட்டிய நிமித்தி வச்சா. பயப்படுவா, அழுவான்னு அவரு நினைச்சாரு. அவ முகத்துல இருந்தது பயம் இல்ல.

அவளே சொல்லிட்டா. முதல் வாரம் நிஜமாவே அளக்க விட்டாங்களாம். ஒன்பது பின்னுல ரெண்டு தேறலன்னு போயிச் சொன்னாளாம். சூப்பர்வைசர் கோபப்படவே இல்லையாம், சிரிச்சாராம். இப்படி அளந்தா சரக்கு எப்பம்மா போகும், காலேஜ்ல படிச்சத காலேஜ்ல வச்சுட்டு வா, இங்க நடக்குறதுதான் பிராக்டிக்கல்னு சொன்னாராம். எந்த எண்ணுல இருந்து எந்த எண்ணு வரைக்கும்னு ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்துட்டு, ஒரே மாதிரி எழுதாத, கொஞ்சம் ஏத்தி இறக்கி எழுதுன்னாராம். மத்த பிள்ளைங்க எழுதினா பாத்தாலே தெரியுமாம். இவ எழுதினா நிஜம் மாதிரியே இருக்குமாம். உனக்கு நல்ல கைம்மான்னு சொல்லி, பெரிய கம்பெனிக்குப் போற தாள் எல்லாம் இவகிட்டதான் வருமாம்.

"எந்தக் கம்பெனிக்குப் போகுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"மேல எழுதியிருக்கேப்பா. தெரியாம எப்படி?"

"எங்க கம்பெனின்னு தெரிஞ்சேதான் எழுதினியா?"

அவ இஸ்திரிப் பெட்டி ஒயரப் பிடுங்கினா. சுத்தி வச்சா. அதுக்கு அப்புறம்தான் பேசினா.

"முதல் தாள் அனுப்பின அன்னைக்கு எனக்குக் காய்ச்சலே வந்துருச்சு, ஞாபகம் இருக்கா? நீங்க பாத்துருவீங்கன்னு நினைச்சேன். என் ஏழு உங்களுக்குத் தெரியும்ல. வேற யாராவது எழுதற மாதிரி கோடு போடாம எழுதியிருக்கலாம். வேணும்னேதான் போட்டேன். சாயங்காலம் நீங்க வீட்டுக்கு வந்து என்னை ரெண்டு அறை விடுவீங்கன்னு பாத்தேன். நீங்க வந்தீங்க, இன்னைக்கு வேலை எப்படிப் போச்சுன்னு கேட்டீங்க, சாப்பிட்டீங்க."

அவரு தாள்ல இருந்த ஒரு ஏழு மேல விரல வச்சாரு.

"ரெண்டாவது லாட்டுக்கும் பாத்தேன். மூணாவதுக்கும் பாத்தேன். அதுக்கப்புறம், ஓ, அப்பாவுக்கும் தெரியும் போல, வேலைன்னா இப்படித்தான் போல, அதத்தான் பழகிக்கிட்டு வான்னு நம்மள அனுப்பியிருக்காங்க போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

நான் பிரிச்சே பாக்கலம்மான்னு சொல்றதுக்கு அவரு வாயெடுத்தாரு. அந்த வார்த்தைய நாக்கு நுனிக்குக் கொண்டு வந்தப்பத்தான் அது எவ்வளவு கேவலமான சாக்குன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சு விட்டவன் திருடன்னா, பாக்காமயே விட்டவன் யாரு? இருபத்திரெண்டு வருஷம் அடுத்தவன் செஞ்சதுல குறை கண்டுபிடிச்சே சோறு தின்னவரு. தன் முதுகு தனக்குத் தெரியாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

சிவப்பு குத்தினா என்ன ஆகும்னு ரெண்டு பேருக்கும் தெரியும். பழைய ஃபைல் பதினாறையும் வெளிய எடுப்பாங்க. யாரு எழுதினதுன்னு கேப்பாங்க, புதன்கிழமை கையெழுத்து கிடைக்காது, பட்டம் நின்னுரும், வேலையும் போயிரும். மாடில உக்காந்து எழுதற மத்த பிள்ளைங்களுக்கும் அதே கதிதான். யாரு முத்திரை குத்தினதுன்னும் கேப்பாங்க. பச்சை குத்தினா ஒண்ணுமே ஆகாது. புதன்கிழமை ஸ்வீட் வாங்கிட்டு வரலாம். அந்தப் பின்னுங்க மட்டும் எங்கயோ போயி உக்காந்து ஆடிக்கிட்டே இருக்கும்.

"நாளைக்கு உங்களுக்கு வர்ற லாட்டும் நான் எழுதினதுதான்," அவ கோட்ட மடிச்சுக்கிட்டே சொன்னா. "நீங்க பச்சை குத்துங்க, சிவப்பு குத்துங்க. ஆனா எனக்காகத்தான் அப்படிப் பண்ணினேன்னு மட்டும் என்னைக்கும் சொல்லாதீங்கப்பா."

திங்கக்கிழமை காலைல மைக்ரான் எல்லாருக்கும் முன்னாடி போயிட்டாரு. பெட்டி பத்து மணிக்கு வந்துச்சு. மேல் தாள், சூப்பர்வைசர் கையெழுத்து, எல்லாம் ஒழுங்கா இருந்துச்சு. அவரு எதையும் பாக்காம பெட்டியத் திறந்து அளக்க ஆரம்பிச்சாரு. மேனேஜர் ரெண்டு தடவை கண்ணாடி வழியா எட்டிப் பாத்துட்டுப் போனாரு. பேப்பர் பாஸ் சரக்க மைக்ரான் ஏன் நோண்டுறாருன்னு அவருக்குள்ள ஏதோ ஓடியிருக்கும். வெளிய வந்து கேக்கல. அதுவும் இவருக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. இப்ப அவருக்கு யாரைப் பாத்தாலும் சந்தேகம், முத்திரை பிடிக்கிற தன் வலது கையப் பாத்தாலும் சந்தேகம்.

ஐம்பதுல அஞ்சு தேறல.

அஞ்சையும் தனியா ஒரு தட்டுல வச்சாரு. மீதிய பெட்டில போட்டு மூடினாரு. ஃபோர்க்லிஃப்ட் அக்கா வண்டியக் கொண்டு வந்து, பெட்டிக்கு அடில ரெண்டு இரும்புக் கைய விட்டு, நெஞ்சு உசரத்துக்குத் தூக்கினாங்க. இடது பக்கம் பூட்டுப் போட்ட கம்பிக் கூண்டு, அது திருப்பி அனுப்புற சரக்குக்கு. வலது பக்கம் பாகத்தை எல்லாம் சேத்து லிஃப்டாக்குற கூடம். ரெண்டுக்கும் நடுவுல மஞ்சக் கோடு போட்ட தரை. அந்தக் கோட்டு மேல வண்டி நின்னுச்சு.

"எந்தப் பக்கம்ணே?"

அவரு தாளப் பாத்தாரு. ரெண்டு முத்திரையும் மேசை மேல இருந்துச்சு. பின்னாடி ஒரு லாரிக்காரரு ஹாரன் அடிச்சாரு. இருங்கய்யா, அண்ணன் யோசிக்கிறாரு, என்னமோ பொண்ணு பாக்க வந்த மாதிரின்னு அந்தக்கா திரும்பிக் கத்தினாங்க, நாலு பேரு சிரிச்சாங்க. இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்ததால, தூக்கி நின்ன இரும்புக் கை ரெண்டும் லேசா நடுங்கிச்சு. அதோட சேந்து பெட்டியும் நடுங்கி, உள்ள இருந்த பின்னுங்க ஒண்ணோட ஒண்ணு உரசி, பல்லக் கடிக்கிற மாதிரி ஒரு மெல்லிசான சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. அந்தக்கா கால் பிரேக்குல இருந்துச்சு. கண்ணு அவரு கை மேல இருந்துச்சு.

படிச்சவங்க ஒரு வார்த்தை எழுதுங்க. உங்க வீட்டுலயும் இப்படி வேலை பழகப் போற பிள்ளை இருக்கலாம், நீங்களே ஏதோ ஒரு மேசைல முத்திரை பிடிக்கிறவங்களா இருக்கலாம். அவரு இடத்துல நீங்க நின்னா எந்தப் பக்கம் கையக் காட்டுவீங்க? ஏன்னும் சேத்து எழுதுங்க. அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்லுவீங்கன்னும் முடிஞ்சா எழுதுங்க. ஒண்ணு விடாம படிக்கிறேன்.